சட்டைப்பையில் ஒரு அட்டை மாத்திரை

சுருளிப்பட்டி விலக்கில் பெரியப்பாவுக்கு வைத்த கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் இன்னும் நிற்கிறது. ஆடிக் காற்றில் ஊரில் இருக்கிற எல்லா பிளக்ஸும் கிழிந்து தொங்கிவிட்டது. அவருடையது மட்டும் அப்படியே இருக்கிறது. அதுவும் அவர் குணம்தான். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கும்பிட்ட கை. கீழே சிவப்பு எழுத்தில், 'எத்தனையோ உயிர்களைக் காத்த எங்கள் குலவிளக்கே' என்று போட்டிருக்கிறார்கள். படம் சில வருஷம் முந்தி எடுத்தது, நின்று பார்த்தால் சட்டைப்பை புடைத்திருப்பது தெரியும். உள்ளே இருப்பது ஒரு அட்டை மாத்திரை.

முதல் வருஷ நினைவு நாள் வருகிறது. அவர் மகன் திருப்பூரிலிருந்து போன் பண்ணினான். "அக்கா, நீங்க தமிழ் டீச்சர்ல. அப்பாவப் பத்தி நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்கக்கா. பழைய பிளக்ஸ எடுத்துட்டுப் புதுசு வைக்கணும்" என்றான். அவன் நல்ல பையன். அவனை நோகடிக்க மனசில்லாமல் பார்க்கிறேன் தம்பி என்று சொல்லி வைத்துவிட்டேன். பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நல்லதாக ஒன்றும் வரவில்லை. வந்ததை எழுதுகிறேன். இதை அவனுக்கு அனுப்பப் போவதில்லை.

என் அப்பாவுக்கு அவர் பங்காளி, முறைக்கு அண்ணன். அப்பா எனக்கு விவரம் தெரியும் முன்னாலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எது நடந்தாலும் பெரியப்பாதான் முன்னால் வந்து நிற்பார். கூப்பிட வேண்டியதில்லை. டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்கும், "என்னத்தா இங்கன ஒரே கூட்டமா இருக்கு?" என்று குரல் வரும், அவ்வளவுதான், வீடு அவர் கைக்குப் போய்விடும்.

கம்பம் போகிற ரோட்டில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை வைத்திருந்தார். திராட்சைத் தோட்டக்காரர்கள் நோய் விழுந்த இலையைப் பறித்துக் கையில் பொத்திக்கொண்டு அவரிடம் வருவார்கள். இலை வெளியே வருவதற்குள் மருந்து மேஜைக்கு வந்துவிடும்.

"மாமா, இலையக் கொண்டாந்திருக்கேன், பாருங்க."

"எலையில என்னத்தப் பாக்க? அந்தா, அந்தப் பொடிய எடு. டேங்குக்கு ரெண்டு மூடி. மொதல்ல மருந்தக் குடு, பெறகு பாப்போம்."

இந்தப் 'பெறகு பாப்போம்' என்பதை அவர் பார்த்ததே கிடையாது. கொடி தழைத்துவிட்டால், "யாரு குடுத்த மருந்து?" என்று டீக்கடையில் கேட்பார். கொடி காய்ந்துவிட்டால், "நேரங்கெட்ட நேரத்துல அடிச்சிருப்ப" என்பார். சொல்லிவிட்டு அவன் தோளைத் தட்டி, "சாரமில்லா, சாரமில்லா" என்பார். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் உரம் கொண்டுபோய்ப் பழகியதில் அவருக்கு ஒட்டிக்கொண்ட மலையாளம் அது. பரவாயில்லை என்று அர்த்தம். நட்டம் அடுத்தவனுக்கு என்றால்தான் அந்தச் சொல் அவர் வாயில் வரும். கடையில் ஒரு மூட்டை நனைந்துவிட்டால் வேலைக்கு இருக்கிற ஆளின் ஏழு தலைமுறையையும் இழுப்பார். அங்கே சாரமில்லா கிடையாது.

எங்கள் தோட்டத்திலேயே ஒருமுறை அது நடந்தது. அம்மா தனியாளாக நின்று பார்த்த திராட்சைத் தோட்டம். இலையின் அடியில் சாம்பல் பூத்த மாதிரி வந்திருந்தது. அம்மா இலையோடு கடைக்குப் போனாள், பொடியோடு திரும்பி வந்தாள். "மதியமே அடிச்சிரு, லேட்டு பண்ணாத" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அடித்தோம். மறுநாள் பந்தல் முழுக்கக் கருகி நின்றது. பிஞ்சுக் குலைகள் தொட்டால் கையோடு வந்தன. பெரியப்பா வந்து பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"உச்சி வெயில்ல யாரு அடிக்கச் சொன்னா?"

"நீங்கதான் பெரியப்பா" என்று நான் ஆரம்பித்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "இல்ல மாமா, நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். "சாரமில்லா. அடுத்த காய்ப்புல பாத்துக்கலாம்" என்று வண்டியை எடுத்தார். அன்று ராத்திரி அம்மாவோடு சண்டை போட்டேன். "ஆம்பள இல்லாத வீடு. நாளைக்கு ஒன்னுன்னா அவருதானடி ஓடி வரணும்" என்றாள். அவள் சொன்னது பலித்தது. ஓடித்தான் வந்தார்.

மாத்திரைக் கதைக்கு வருகிறேன். குமுளியிலிருந்து இறங்கி வரும்போது லோயர் கேம்ப்பில் அவருக்கு நெஞ்சு வலித்தது. ஜீப்பை நிறுத்தச் சொல்லி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து மருந்துக்கடைக்காரர் நாலைந்து மாத்திரையை உரித்து வாயில் போட்டு மெல்லச் சொல்லியிருக்கிறார். தேனி ஆஸ்பத்திரியில் இதயத்தைப் பார்க்கிற டாக்டர், "நல்லவேளை, மாத்திரை உடனே உள்ள போயிருச்சு" என்று சொல்லியிருக்கிறார். இதெல்லாம் உண்மை. பொய் சொல்ல எனக்கு அவசியமில்லை. ரத்தத்தை இளக்குகிற மாத்திரை அது. நெஞ்சுக் குழாய் அடைத்தவனுக்கு உயிர் கொடுக்கும்.

அவருக்குப் புரிந்தது வேறு. மாத்திரை என்றால் அதுதான், வியாதி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு அட்டை சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை. கல்யாண வீட்டில் ஒருவன் மயங்கினால் மாத்திரை. தலை சுற்றினால் மாத்திரை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் ஒரு பெண் சாய்ந்துவிட்டாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வந்தவள். அவள் வாயிலும் இரண்டைப் போட்டார். பிறகு யாரோ மோர் வாங்கிக் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்தாள். 'செத்தவள எழுப்பிட்டேன்' என்று அதை ஒரு வருஷம் சொன்னார். மோர் வாங்கிக் கொடுத்தவரை யாருக்கும் தெரியாது.

அந்த மாத்திரையால் அதுவரை யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதுதான் எங்களுக்கு வந்த கெட்ட நேரம்.

அம்மாவுக்கு பிரஷர் இருந்தது. சின்னமனூரில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது டாக்டரிடம் கூட்டிப் போய்க் காட்டி, தினமும் காலையில் ஒன்று என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அடுத்த முறை நான் ஊருக்குப் போனபோது மாத்திரை வாங்கினபடியே அலமாரியில் கிடந்தது. "மாமா வேண்டாம்னுட்டாரு. ஆரம்பிச்சா விட முடியாதாம்ல. தலை சுத்துனா மட்டும் போட்டுக்கச் சொன்னாக" என்றாள். கடைக்குப் போய்க் கேட்டேன். "நீ டீச்சரா டாக்டரா?" என்று சிரித்தார். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் ஊரில் இருந்தேன். தோட்டத்தில் பழம் வெட்டு நடந்துகொண்டிருந்தது. நாலைந்து பெண்கள் பந்தலுக்குக் கீழே குலைகளை வெட்டி டிரேயில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரி அவள் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடி விழுந்தது. அப்படியே டிரேயின் மேல் உட்கார்ந்து, "தலைய என்னமோ பண்ணுதுடி" என்றாள். வாந்தி எடுத்தாள். நிமிர்ந்தபோது வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை சொன்ன பேச்சுக் கேட்கவில்லை.

நான் 108-க்குப் போன் செய்தேன். எதிரில் பேசிய பெண் நிதானமாகச் சொன்னாள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள், வாயில் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். நான் அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டேன். டிவிஎஸ் சத்தம் கேட்டது.

"ஏத்தா, தள்ளு. காத்து வரட்டும்."

"பெரியப்பா, ஆம்புலன்ஸ் வருது. ஒன்னும் குடுக்கக் கூடாதுன்னு போன்ல சொன்னாக."

"போன்ல இருக்கவளுக்கு என்ன தெரியும்? நான் செத்துப் பொழச்சவன். எனக்குத் தெரியாததா?" கை அதற்குள் பைக்குள் போய்விட்டது.

"வேணாம் பெரியப்பா. என்னன்னு பாக்காம குடுக்காதீக."

"மொதல்ல குடுப்போம். பெறகு பாப்போம். ஏ புள்ள, அந்தச் செம்புல தண்ணி கொண்டா."

நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். பழம் வெட்ட வந்த இரண்டு பெண்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். "பெரியவரு சொல்றாகள்ல, சும்மா இரு ஆத்தா. நல்லதுக்குத்தான் செய்வாக" என்றார்கள். அவர் நாலோ ஐந்தோ மாத்திரையை உரித்து உள்ளங்கையில் வைத்து நசுக்கித் தண்ணீரில் கரைத்தார். அம்மா வாயைத் திறக்கவில்லை. தாடையைப் பிடித்துத் திறந்து ஊற்றினார். பாதி கடைவாய் வழியாக வெளியே வந்தது. மீதி உள்ளே போய் அம்மாவுக்குப் புரை ஏறியது. அவள் இருமிய இருமல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே பயமில்ல" என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்.

தேனியில் இறக்கியதும் நேராக ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். சின்ன வயசு லேடி டாக்டர். வெளியே வந்து என்னைக் கூப்பிட்டு படத்தைக் காட்டினார். மூளைக்கு நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு.

"இது ரத்தம்மா. உள்ள குழாய் வெடிச்சு ரத்தம் கசிஞ்சிருக்கு. பக்கவாதத்துல ரெண்டு விதம் உண்டு. குழாய் அடைச்சும் வரும், வெடிச்சும் வரும். வெளியிலருந்து பாத்தா ரெண்டும் ஒன்னு மாதிரிதான் இருக்கும். ஸ்கேன் பாத்தாதான் தெரியும். அடைப்புக்குக் குடுக்கற மருந்த இதுக்குக் குடுத்தா கசிவு கூடிரும். அம்மா ரத்தம் இளக்கற மாத்திரை ஏதும் சாப்பிடறாங்களா? இன்னைக்குக் காலையில யாராவது ஏதாவது குடுத்தீங்களா?"

"குடுத்தாக டாக்டர். இந்தா, இவருதான்."

ஆம்புலன்ஸில் எங்களோடு வந்த பெரியப்பா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் சொன்னது அத்தனையும் அவர் காதிலும் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. ஒரு நொடிதான்.

"தண்ணி குடுத்தேன் டாக்டர். வெறும் தண்ணி. புள்ள பதட்டத்துல என்னென்னமோ சொல்லுது" என்றார்.

டாக்டர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சண்டை அப்புறம் போடுங்க. எனக்கு இப்ப உண்மை தெரிஞ்சாகணும். மண்டையத் திறக்கணும்னா அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது இருக்கு. என்ன மாத்திரை, எத்தனை, சொல்லுங்க" என்றார்.

"வெறும் தண்ணிதாங்க" என்றார் பெரியப்பா. சொல்லும்போதே அவர் இடது கை மேலே வந்து சட்டைப்பையை மூடிக்கொண்டது.

ஒரு பெண்பிள்ளை பெரியப்பன் மேல் கை வைப்பது எங்கள் பக்கம் நடக்கிற காரியம் இல்லை. நான் வைத்தேன். அந்தக் கையைப் பிடித்து இழுத்து விலக்கிப் பைக்குள் கையை விட்டேன். அவர் பின்னால் நகர்ந்தார், பை கிழிந்தது, அட்டை தரையில் விழுந்தது. டாக்டர் குனிந்து எடுத்துப் பார்த்தார். பாதி உரிந்திருந்தது.

"அது என் நெஞ்சுவலிக்குப் போடறது. நான் போட்டது" என்றார் அவர். டாக்டர் அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பிரஷரை இறக்க மருந்து ஏற்றினார்கள். மாத்திரை கெடுத்ததை ஈடுகட்ட, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களை ஏற்றினார்கள். அடுத்த ஸ்கேனில் வெள்ளைத் திட்டு பெரிதாகியிருந்தது. மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். அம்மா கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் கொஞ்ச நாள் இருந்தது, பிறகு அதுவும் நின்றது.

லேடி டாக்டரிடம் நேராகக் கேட்டேன், அந்த மாத்திரையால்தானா என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதனாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. பிரஷர் ரொம்ப நாளா அதிகமா இருந்திருக்கு. குடுக்காம இருந்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம். ஆனா குடுத்திருக்கக் கூடாது. கேட்டப்ப மறைச்சிருக்கவும் கூடாது" என்றார்.

ஆகவே அவர்தான் என் அம்மாவைக் கொன்றார் என்று நான் எழுத மாட்டேன். எழுத ஆசை இருக்கிறது, எழுத மாட்டேன். எனக்கு அவரை போலீசில் ஒப்படைக்கவோ கடையை மூட வைக்கவோ எண்ணம் இல்லை. ஊர் முன்னால் அவர் வாயால் ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. நான்தான் குடுத்தேன், தெரியாமல் குடுத்தேன். அதை மட்டும் சொல்லியிருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன்.

அவர் என்ன சொன்னார் என்றால், கருமாதி அன்று பந்தலில் நடுநாயகமாக உட்கார்ந்துகொண்டு, "எங் கையால கடைசித் தண்ணி குடிச்சுட்டுப் போயிட்டா புண்ணியவதி. அந்தப் பாக்கியம் எத்தன பேருக்குக் கெடைக்கும்?" என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். மாத்திரை தண்ணீராகி, தண்ணீர் கங்கையாகிவிட்டது. என் தோளைப் பிடித்த இரண்டு பெண்களும் அங்கேதான் இருந்தார்கள். அவர்கள் தலையைக் குனிந்து இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஊர் ஞாபகம் வைத்துக்கொண்டது வேறு ஒன்றை. 'பெரியப்பன் சட்டையக் கிழிச்சவ' என்று எனக்குப் பெயர் வந்தது. பெரியம்மா என்னோடு பேச்சை நிறுத்தினாள். விசேஷ வீடுகளில் நான் போய் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகும். பெரியப்பா மட்டும் எப்போதும் போல, "வாத்தா, நல்லாருக்கியா?" என்று கேட்பார். பெருந்தன்மையாம். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

ஒருமுறை மனசு கேட்காமல் கடைக்கே போனேன். மதியம், வேறு ஆள் இல்லை. "பெரியப்பா, ஊர்ல சொல்ல வேணாம். எங்கிட்ட மட்டும் ஒரு தடவ சொல்லுங்க. போதும்" என்றேன். அவர் மேஜையில் கிடந்த பொடியை விரலால் கூட்டிக் கூட்டி ஒரு ஓரத்துக்குத் தள்ளினார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஒருவர் இலையைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். "சாரமில்லா ஆத்தா. நடந்தது நடந்துபோச்சு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "அந்தா, அந்தப் பாட்டில எடு" என்று வந்தவர் பக்கம் திரும்பினார். சட்டைப்பை தைக்கப்பட்டிருந்தது. புது அட்டை உள்ளே இருந்தது.

அம்மாவுக்கு முதல் தெவசம் வந்தது. எனக்கு உடன்பிறந்த ஆண்பிள்ளை இல்லாததால் பங்காளி முறைக்கு அவர் மகன்தான் திருப்பூரிலிருந்து வந்து திதி கொடுத்தான். ஆகவே பெரியப்பாவும் பெரியம்மாவும் ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டியிருந்தது. சாப்பாடு முடிந்து கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா கையில் காபி டம்ளர். சாம்பல் நோய்க்குப் புதிதாக வந்திருக்கிற மருந்தைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் படத்துக்கு முன்னால் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

பேச்சு நடுவில் குழைந்தது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. வலது கையிலிருந்து டம்ளர் நழுவி வேட்டியெல்லாம் காபி கொட்டியது. சூடு தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. எதையோ சொல்ல வந்தார், கூழாக ஒரு சத்தம்தான் வந்தது.

"அய்யோ, பையில மாத்திரை இருக்கு, எடுங்க, எடுங்க!" பெரியம்மா கத்திக்கொண்டே ஓடி வந்து அவளே அட்டையை உருவினாள். இரண்டை உரித்து அவர் வாய்க்குக் கொண்டுபோனாள்.

அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"வாயத் தொறங்க. உங்க மாத்திரைதான். இந்தாங்க, ஒன்னே ஒன்னு."

பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தை இடது பக்கமாகத் திருப்பினார். பெரியம்மா தாடையைப் பிடித்தாள். நன்றாக இருந்த இடது கையைத் தூக்கி அவள் கையை ஓங்கித் தட்டினார். மாத்திரை தரையில் உருண்டு என் காலடியில் வந்து நின்றது. பெரியம்மா மறுபடி உரித்தாள். அவர் மறுபடி தட்டினார். தலையை வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினார். கண்ணில் அப்படி ஒரு பயம்.

"புத்தி தடுமாறிருச்சு போல. தாடையப் புடிச்சுத் தொறந்து ஊத்துங்க" என்றார் ஒருவர்.

புத்தி தடுமாறவில்லை. அந்தக் கூடத்தில் எனக்கும் அவருக்கும் மட்டும் அது தெரியும். அடைப்பா, கசிவா என்று பார்க்காமல் அதை விழுங்கக் கூடாது என்று தேனியில் டாக்டர் சொன்னபோது ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகும் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறார். இலையைப் பார்க்காமல் மருந்து கொடுத்தவர், என் அம்மாவின் தாடையைத் திறந்து ஊற்றியவர், தன் தலைக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்கிறார். அவரை எட்டி உதைக்க வேண்டும் போல இருந்தது. அம்மா படத்துக்கு முன்னாலேயே உதைக்க வேண்டும் போல இருந்தது.

நான் செய்தது என்னவென்றால், பெரியம்மா கையிலிருந்த அட்டையைப் பிடுங்கினேன். "வாயில யாரும் ஒன்னும் குடுக்காதீக. தம்பி, காரை எடு. மணி என்னன்னு பாத்து வச்சுக்க. தேனிக்கு விடு" என்றேன். அவன் வண்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்தான். பெரியம்மா முன்னால் ஏறினாள். நான் பின்னால் அவர் தலையை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரக்கத்தால் இல்லை. அவர் செத்துப்போனால் எனக்கு வேண்டிய வார்த்தையும் கூடவே போய்விடும். சின்னமனூர் தாண்டும்வரை அவர் எச்சிலைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

அவருக்கு வந்தது அடைப்பு. கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டுமாம், நாங்கள் அதற்கு வெகு முன்னாலேயே போய்விட்டோம். ஊசி போட்டார்கள். அவர் எழுந்தார், நடந்தார், பேச்சு கொஞ்சம் குழறலோடு திரும்பியது. பிறகும் கடையில் உட்கார்ந்து சில வருஷம் கொடிக்கு மருந்து கொடுத்தார். சட்டைப்பையில் அதற்கப்புறம் பேனாதான் இருந்தது. போன தை மாதம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். நான் கேட்ட வார்த்தையைக் கடைசிவரை அவர் சொல்லவில்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை. ஏன் என்பதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஊசி போடுவதற்கு முன்னால் நடந்தது அது. அவரைத் தள்ளுபடுக்கையில் கிடத்தியிருந்தார்கள். மகன் சீட்டுப் போடப் போயிருந்தான். பெரியம்மா கால்மாட்டில், நான் அவருக்கு இடது பக்கத்தில். இந்த முறை வேறு டாக்டர், ஆண். ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?"

சொன்னேன்.

"வாயில ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர். குடுக்கத்தான் போனாக. இவரே வேணாம்னு தட்டிவிட்டுட்டாரு."

"பரவாயில்லையே. விவரமானவரா இருக்காரே" என்றார் டாக்டர், எழுதிக்கொண்டே.

"ஆமா டாக்டர், விவரமானவருதான். போன வருஷம் எங்கம்மா தாடையத் தொறந்து இதே மாத்திரையக் கரைச்சு ஊத்துனாரு. ஊத்துன பெறகு இதே ஆஸ்பத்திரியில வந்து தெரிஞ்சுக்கிட்டாரு. கேட்டப்ப வெறும் தண்ணின்னாரு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். பெரியம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவள் கையில் மாத்திரைப் பொடி இன்னும் ஒட்டியிருந்தது. அதையும் பார்த்தாள்.

"ஏங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவருக்குக் காது கேட்டது. அவள் பக்கமோ சுவர்ப் பக்கமோ முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அந்த வியாதியில் கழுத்தும் கண்ணும் ஒரு பக்கமாகத்தான் நிற்கும். அவருக்கு இடது பக்கம் நின்றது, அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்வரை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.